திருத்தும் கண் இல்லாத பயிற்சி

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில், காணொளியைப் பார்த்து வீட்டிலேயே உடற்பயிற்சி தொடங்கியவர்கள் நம்மிடையே பலர். இணையம் ஈன்ற புதுப்பழக்கம் என்றே இது பேசப்படுகிறது. ஆனால் ஆசான் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருக்க, இடையில் அச்சோ ஒலியோ படமோ நின்று உடலைப் பழக்கும் முறைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் இந்தியாவின் பங்கும் சிறியதன்று.

மல்யுத்தக் களரியிலோ சிலம்பக் கூடத்திலோ ஆசான் அதிகம் பேசுவதில்லை. முழங்கால் பிசகாக மடங்கினால் தொட்டுச் சரிசெய்வார். மூச்சு வாங்கினால் நிறுத்தச் சொல்வார். வீட்டுப் பயிற்சியில் நாம் இழப்பது அவருடைய விளக்கத்தை அன்று, திருத்தும் கண்ணை. அந்த இழப்பை ஒவ்வோர் ஊடகமும் எப்படி ஈடுசெய்ய முயன்றது என்று பார்த்தால் இவ்வரலாறு தெளிவாகும்.

முதலில் வந்தது அளவுநாடா. பிரிட்டனில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நூல்கள் வழியாகவும் அஞ்சல் வழியாகவும் பயிற்சி கற்பித்தார். மாணவர் தம் உடல் அளவுகளைக் குறித்து அனுப்புவார். ஆசானின் பார்வை செய்ய வேண்டிய வேலையை எண்கள் செய்தன. டென்மார்க்கின் ஜே. பி. முல்லர் 1904-இல் வெளியிட்ட நூல், கருவிகள் எவையுமின்றி நாளொன்றுக்கு 15 நிமிடம் போதும் என்றது. (இன்றைய காணொளித் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வரும் அதே 15 நிமிடம்! எழுத்தாளர் காஃப்கா இம்முறையை விடாது செய்தவர்.)

சாண்டோ 1905-ஐ ஒட்டி இந்தியாவுக்கும் வந்தார். அவர் மூட்டிய ஆர்வம் இங்கே வேறு வடிவம் கொண்டது. பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய கே. வி. ஐயர், 1930-களில் ஆங்கில நூல்கள் எழுதியதோடு அஞ்சல்வழிப் பாடங்களும் நடத்தினார். இவரே கன்னடத்தில் ‘சாந்தலா’, ‘ரூபதர்சி’ ஆகிய நாவல்களைப் படைத்தவர் என்பது என்னை எப்போதும் ஈர்க்கும் செய்தி. பார்க்க இயலாத ஒருவருக்கு, தோளை எவ்வளவு தாழ்த்துவது, மூச்சை எப்போது விடுவது என்று எழுத்தில் உணர்த்துவது எளிதன்று. மொழியியலாளர்கள் கவனிக்க மறந்த உரைநடை வகை அது.

மராட்டியத்தின் அவுந்த் சமஸ்தான மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி வேறொரு வழியைக் கண்டார். சூரிய நமஸ்காரத்தை அன்றாடப் பயிற்சியாகப் பள்ளிகளிலும் அச்சிலும் பரப்பிய அவர், அதனுடன் ‘ஹ்ராம்’, ‘ஹ்ரீம்’ முதலிய பீஜ ஒலிகளையும் இணைத்தார். சமயப் பொருள் ஒருபுறமிருக்க, தனியே பயில்பவருக்கு அவ்வொலிகள் தாளமாகவும் கணக்காகவும் பயன்படக்கூடியவை. லூயிஸ் மார்கன் பதிப்பித்த அவருடைய ஆங்கில நூல் 1938-இல் லண்டனில் வெளியாயிற்று. வீட்டுப் பயிற்சி மேற்கிலிருந்து மட்டுமே இங்கு வந்தது என்போர் இந்த எதிர்த்திசைப் பயணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தாளத்தை ஆசானின் குரலோடு வீட்டுக்குள் கொண்டுவந்தது வானொலி. ஜப்பானில் 1928 நவம்பரில் வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனமொன்றின் ஒலிபரப்பே அதற்கு முன்மாதிரி. மக்கள் நீண்டநாள் வாழ்வதில் காப்பீட்டாளருக்கு இருந்த அக்கறையை விளக்க வேண்டியதில்லை. பியானோ இசைக்கேற்ப நாடெங்கும் ஒரே நேரத்தில் கைகள் உயர்ந்தன. போருக்குப் பின் நின்றுபோய், 1951-இல் மீண்டு, இன்றும் அது தொடர்கிறது.

அசையும் படம் முன்பே இருந்தது. கிருஷ்ணமாச்சாரியாரும் அவருடைய மாணவர் பி. கே. எஸ். ஐயங்காரும் ஆசனங்கள் செய்யும் 1938-ஆம் ஆண்டு மௌனப்படத்தை இன்று எவரும் காணலாம். ஆனால் திரையிடும் கருவி வீட்டில் இல்லாத காலத்தில் அது பார்ப்பதற்கான படம். உடன் செய்வதற்கானது அன்று. இந்நிலையை மாற்றியது வீடியோ நாடா. ஜேன் ஃபோண்டாவின் 1982-ஆம் ஆண்டு நாடாவில் தொடக்கநிலையினருக்குத் தனிப்பகுதி இருந்தது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், தடுமாறினாலும் சிரிக்க யாருமில்லை. கூடத்துக்குச் செல்ல நேரமோ துணிவோ வாய்க்காத பெண்கள் பலருக்கு இது பெரிய விடுதலை. இதைத் தசைநார் மோகம் என்று எள்ளி ஒதுக்குவது நியாயமன்று.

எனினும், படம் வந்தபின் மொழி மெலிந்தது. நூல் ‘வலக்காலை இரண்டடி பின்னே வைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றுக’ என்று சொல்லியாக வேண்டும். காணொளிக்கு ‘இப்படி’ போதும். அந்த ‘இப்படி’யின் பொருள் முழுதும் திரையிலுள்ள உடலில் இருக்கிறது, அதுவோ பல்லாண்டு பழகிய உடல். நம்மை நோக்கி நிற்பவர் ‘வலக்கை’ என்னும்போது தம் வலத்தைச் சொல்கிறாரா, நம்முடையதையா என்பதே பல வேளைகளில் புலப்படுவதில்லை. சரியாகச் செய்வதாக நம்பிக்கொண்டே முதுகைத் தவறாக வளைப்பவரை நிறுத்த அங்கே எவருமில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் நாளொரு காணொளிக்குத் தாவாமல், சிறியதொன்றைத் தேர்ந்து, முதலில் செய்யாமல் முழுதும் பார்த்து, பின்னர் கண்ணாடி முன் மெதுவாகச் செய்வதே தக்கது என்பது என் கருத்து. வலி தோன்றினால் நிறுத்துவதும் இப்போது நம் பொறுப்பே.

இந்தப் பயிற்றுமொழியின் தமிழ் வடிவங்களைத் தொகுக்க விரும்புகிறேன். வீட்டுப் பரணில் பழைய தேகப்பயிற்சிக் கையேடுகளோ அஞ்சல்வழிப் பாடத் தாள்களோ வைத்திருப்பவர்கள் தெரிவித்தால், நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறேன். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.