ஊற்றுக்குப் பட்டா உண்டா?

நீலகிரி என்றதும் நம் நினைவுக்கு வருபவை உதகையின் குளிரும் குன்னூரின் தேயிலையுமே. அம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கூடலூரை அடுத்து, முதுமலைக் காட்டின் ஓரமாக ஸ்ரீமதுரை என்னும் ஊராட்சி இருப்பதைப் பலர் அறியார். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மண் அது. ஆயினும் மாசியும் பங்குனியும் வந்துவிட்டால், அண்டையிலுள்ள இலையுதிர் காடு சருகாய்க் காய்ந்து ஒரு பொறிக்குக் காத்துக் கிடக்கும். மழையும் நெருப்பும் இவ்வாறு அடுத்தடுத்துக் குடியிருக்கும் மண்ணில், நீர் யாருடைய உடைமை என்னும் வினா உயிரோடு தொடர்புடையது.

கூடலூர் வட்டாரம் முன்னாளில் மலபாரின் வயநாட்டைச் சேர்ந்திருந்தது. 1877ஆம் ஆண்டில் அது நீலகிரியோடு இணைக்கப்பட்டது. ஆட்சியின் எல்லை மாறிற்று. ஜன்மி முறை மாறவில்லை. நிலம்பூர் கோவிலகத்தாரே பெரும் ஜன்மிகளாய் விளங்கினர். தோட்டக் கம்பெனிகள் அவர்களிடம் குத்தகைக்கு நிலம் பெற்றன. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமோ, வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீரை, நிலவுடைமையாளர் தம் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றது. நிலம் எவருடையதோ, அதன் அடியிலுள்ள நீரும் அவர் கைக்குள் வந்தது.

இம்முறையை ஒழிக்கவே 1969இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் அதன் வரம்புக்குள் வந்தது. காடுகள், மேய்ச்சல் நிலங்கள் ஆகியவற்றோடு ஆறுகள், ஓடைகள், குளங்கள், பாசன அமைப்புகள் யாவும் அரசைச் சேரும் என்று அதன் மூன்றாம் பிரிவு பட்டியலிட்டது. ஆனால் காடுகளை அரசுக்கு மாற்றும் பகுதி செல்லாதென 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974இல் அரசியலமைப்பின் 34ஆம் திருத்தம் சட்டம் முழுவதையும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்க, அவ்வாண்டு நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. வழக்கு அங்கும் ஓயவில்லை. அட்டவணையில் 1973 ஏப்ரல் 24க்குப் பின் சேர்ந்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என 2007இல் ஒன்பது நீதிபதிகள் உரைத்த புகழ்பெற்ற தீர்ப்பு, இந்தக் கூடலூர் வழக்கில் பிறந்ததே.

இவ்வழக்குகளில் முன்வரிசையில் நின்றவை மண்ணும் மரமும். நீர் பின்வரிசையிலேயே நின்றது. ஓடை அரசுடையது, அதற்குத் தாயான ஊற்றோ நிலத்தை வைத்திருப்பவரின் பிடியில். தாயையும் மகளையும் பிரித்துப் பட்டா எழுதினால் இருவரும் வாடுவர் அன்றோ? தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. 2013இல் அதுவும் நீக்கப்பட்டது.

நெருப்பு பட்டா பார்ப்பதில்லை. 2019 பிப்ரவரியில் முதுமலையை ஒட்டிய பந்திப்பூர்க் காடு பெருந்தீயில் வெந்தது. 2024 மார்ச்சில் குன்னூர்ப் பகுதிக் காடு பற்றியெரிந்தபோது, இந்திய விமானப் படையின் ஹெலிகாப்டர் நீரை அள்ளி வந்து ஊற்ற நேர்ந்தது. செல்வம் கொழிக்கும் கலிபோர்னியாவிலும் இதுவே கதை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்தபோது, அங்குள்ள சாண்டா யனெஸ் நீர்த்தேக்கம் பழுதுபார்ப்புக்காக வறண்டு கிடந்தது. தீயணைப்புக் குழாய்கள் பலவும் வற்றின. தண்ணீரைத் தனியார் பதுக்கினர் என ஒரு சாராரும், அரசே வீணடித்தது என மறு சாராரும் பழி சுமத்தினர். நீர் எங்கே, எவ்வளவு, எவர் பொறுப்பில் என்னும் கணக்கு தீக்கு முன்னரே ஊரறியத் தெளிவாக இருந்திருப்பின், அவ்வழக்காடலுக்கு இடம் குறைந்திருக்கும்.

மதீனாவில் ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டது. ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் அதனை விலை கொடுத்து வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். உடைமை உரிமையை அவர்கள் பறிக்கவில்லை. அதற்குரிய விலையைக் கொடுத்தே தாகத்தை முதலில் நிறுத்தினார்கள். நாம் பெருமையோடு சொல்லும் இந்நிகழ்ச்சி மலைநாட்டுக்கும் வழிகாட்டும்.

நிலத்தின் வழக்கு நீதிமன்றத்தில் முடியும்போது முடியட்டும். அதுவரை ஊற்றும் குட்டையும் காத்திருக்க இயலாது. ஒவ்வொரு தை மாதத்திலும் ஊராட்சி தன் எல்லையிலுள்ள நீர்நிலைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதட்டும். குடிக்கவும் தீயணைக்கவும் அவற்றில் எவ்வளவு ஒதுக்குவது என்று தோட்டத்தாரும் குடியானவரும் பழங்குடியினரும் வனத்துறையினரும் ஓரிடத்தில் அமர்ந்து முடிவு செய்யட்டும். சருகு காயுமுன் செய்யவேண்டிய பணி இது.