சீழும் சிகிச்சையும்: பல் வேர்க் கட்டி வைத்தியத்தின் வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

லண்டன் மாநகரில் பதினேழாம் நூற்றாண்டில் வாரந்தோறும் அச்சாகி வந்த மரணப் பட்டியல்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள், காய்ச்சல், க்ஷயம், அம்மை முதலான பெரிய வியாதிகளோடு சரியாசனம் வகிக்கும் ஒரு காரணமாகப் ‘பற்கள்’ என்ற ஒற்றைச் சொல்லும் இடம்பெற்றிருப்பதைக் காண்பார்கள். பல் முளைக்கும் பருவத்தில் வேறு நோய்களால் மாண்ட சிசுக்களும் அத்தலைப்பின்கீழ்ச் சேர்க்கப்பட்டமையால் அக்கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும், ஒரு சொத்தைப் பல்லின் வேர் நுனியில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கி உயிரையே கொண்டுபோய்விடும் என்பது அக்காலத்து ஜனங்கள் அனுபவத்தில் கண்ட உண்மையாகவே இருந்தது. இன்று அதே கட்டியால் இறப்போர் மிகச் சிலர். இம்மாற்றம் எதனால் நேர்ந்தது என்று வினவினால், படித்தவரும் பாமரரும் ஒரே குரலில் பெனிசிலின் என்பார்கள். அவ்விடை பாதி உண்மையே என்பதும், கட்டியை ஆற்றியது முதலில் கருவியே, மருந்து அதற்குத் துணை நின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

நோயின் காரணத்தை அறியாதிருந்த புராதன வைத்தியர்கள் அதன் பரிகாரத்தை ஓரளவு அறிந்திருந்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது. சுசுருத சம்ஹிதை, பல்லைச் சார்ந்து புரையோடும் நோயைத் தந்தநாடி எனக் குறித்து, புரை எந்தப் பல்லைப் பற்றியதோ அப்பல்லைக் களைந்து, இடத்தைச் சுத்தி செய்து, க்ஷாரத்தாலோ அக்கினியாலோ சுடுமாறு விதிக்கிறது. காரணம் எது என்று வந்தபோதுதான் கற்பனை தலையெடுத்தது. பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலேயே காணப்படுகிறது. நம் கிராமங்களில் கண்டங்கத்திரி விதையைக் கனலிலிட்டு அப்புகையை வாயில் பிடிக்கச் செய்தது போலவே, ஐரோப்பாவில் குரோசாணி ஓமத்தின் விதையைப் புகைத்தார்கள். யாழின் நரம்புத் துண்டுகளைத் தண்ணீரில் நழுவவிட்டு, நோயாளியின் வாயிலிருந்து விழுந்த புழுக்கள் இவை என்று காட்டிக் காசு பறித்த எத்தர்களைப் பற்றி, ஜான் ஜெரார்டு என்ற ஆங்கிலேய மூலிகை நூலாசிரியர் 1597-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

பாரிஸ் நகரத்துப் பியேர் ஃபோஷார் 1728-ல் வெளியிட்ட இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலே பல் வைத்தியத்தைச் சந்தைக் கூத்தாடிகளின் கையிலிருந்து மீட்டுச் சாஸ்திரமாக்கியது எனலாம். நுண்நோக்கியில் சொத்தையை ஆராய்ந்தும் புழு எதுவும் தென்படவில்லை என்று அவர் பதிவு செய்தார். நம் விஷயத்துக்கு அதனினும் முக்கியமானது, பல்லைத் துளைத்து உள்ளே தேங்கிய சீழுக்கு வழிவிட்டால் நோவு தணிகிறது என்று அவர் கண்டெழுதியதாகும். கிருமி என்ற எண்ணமே பிறவாத காலத்தில், இன்று நாம் வேர்ச் சிகிச்சை என்று வழங்கும் முறையின் உயிர்நிலை அவருடைய நூலில் வந்துவிட்டது. 1836-ல் ஜெர்மானிய வைத்தியரான வில்ஹெல்ம் ஃப்ரெடெரிக் ஃபான் லுட்விக், நாவின் அடிப்பகுதியும் தாடையின் கீழ்ப்பகுதியும் கட்டை போல் இறுகி வீங்கி, மூச்சடைத்து நோயாளி மாளும் ஒரு கொடிய நிலையை வர்ணித்தார். அவர் பெயராலேயே இன்றும் வழங்கும் அந்த நிலைக்குப் பெரும்பாலும் மூலம் கீழ்க் கடைவாய்ப் பல்லே.

கிருமிக் கொள்கை பல்லுக்கு வந்து சேர்ந்தது, பெர்லினில் ராபர்ட் கோக்கின் முறைகளைப் பயின்ற அமெரிக்கரான டபிள்யூ. டி. மில்லர் வழியாக. வாயில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி அவர் 1890-ல் எழுதிய நூல் சொத்தையின் காரணத்தை விளக்கியது. ஆனால் அறிவு வளர்ந்தவிடத்து அச்சமும் வளர்ந்தது. 1910-ல் மான்ட்ரியால் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் பேசிய வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் வைத்தியர், அழுகிய வேர்களின்மேல் பொன்னால் சமாதி கட்டுகிறார்கள் என்று பல் வைத்தியர்களைச் சாடி, ரத்தசோகை, வயிற்று நோய் முதலிய பலவற்றுக்கும் வாயின் அசுத்தமே மூலம் என்றார். சிகாகோவில் ஃப்ராங்க் பில்லிங்ஸ் இக்கருத்தைக் கொள்கையாகவே நிலைநாட்டினார். விளைவு, மூட்டுவலிக்காரரின் பற்களெல்லாம் பிடுங்கப்பட்டன. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநோய் மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர், சித்தப்பிரமை நீங்கும் என்று சொல்லி, நோயாளிகளின் பற்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கச் செய்தார். ஒரு நல்ல உண்மையை அளவின்றி நீட்டினால் எத்தகைய அக்கிரமம் விளையும் என்பதற்கு வைத்திய சரித்திரத்தில் இதைவிடத் துலக்கமான உதாரணம் அரிது. 1938-ல் செசில், ஆஞ்செவின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மூட்டுவலி கண்ட 200 பேரை ஆராய்ந்து, பல்லையும் தொண்டைச் சதையையும் நீக்கியதால் பயன் விளைந்ததாகக் கூறுவதற்கில்லை என்று எழுதிய பின்னரே இந்த வேகம் தணியத் தொடங்கியது.

இனி, பொதுமக்கள் நினைவில் பதியாமற்போன இரண்டு அறிக்கைகளுக்கு வருவோம். லுட்விக் வர்ணித்த கழுத்து வீக்கத்தைப் பற்றி 1940-ல் வில்லியம்ஸ் என்பவர் எழுதிய அமெரிக்க அறிக்கையில், 31 நோயாளிகளில் நூற்றுக்கு 54 பேர் இறந்ததாகக் கணக்கு வருகிறது. அவரே குரால்னிக் என்பவரோடு சேர்ந்து 1943-ல் வெளியிட்ட மற்றோர் அறிக்கையில், 20 நோயாளிகளில் இறந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரே. இடைப்பட்ட காலத்தில் நேர்ந்தது என்ன? சல்ஃபா மருந்துகள் அப்போது வழக்கில் இருந்தமை மெய்யே. பெனிசிலினோ சாதாரண ஜனங்களின் கைக்கு எட்டாத பொருள். மூச்சுக்குழாயை முன்கூட்டியே காத்ததும், வீக்கம் பழுக்கட்டும் என்று காத்திராமல் கத்தியிட்டு உள்ளறைகளைத் திறந்துவிட்டதுமே இவ்வீழ்ச்சிக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. சிறு தொகைகளை ஒப்பிடுகையில் நிதானம் வேண்டும் என்ற எச்சரிக்கையோடு சொன்னாலும், மரணத்தின் பெரும்பகுதியைத் தடுத்தது திறப்பே என்ற முடிவிலிருந்து தப்பிக்க வழியில்லை.

பெனிசிலின் வந்தது, அதன் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஃப்ளெமிங் 1928-ல் கண்டதை ஃப்ளோரி, செயின், ஹீட்லி முதலானோர் ஆக்ஸ்ஃபோர்டில் மருந்தாக்கினர்; நம் நாட்டில் பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் 1954-ல் இதற்கென்றே அரசாங்கத் தொழிற்சாலை எழுந்தது. ஊசியாக இருந்தது மாத்திரையானதும், கட்டியைத் திறப்பதற்குப் பதிலாக மாத்திரையை எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவியது. மெட்ரோனிடசோல் வந்து சேர்ந்த கதை சுவையானது: வேறொரு நோய்க்காக அதை உட்கொண்ட பெண்மணியின் ஈற்றுப் புண் ஆறியதைக் கண்ட ஷின் என்ற பல் வைத்தியர் 1962-ல் அதை லான்செட் இதழில் எழுதினார், பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளை அம்மருந்து கொல்லும் என்ற அறிவுக்கு வித்திட்டது அவ்வெழுத்தே.

மாத்திரை மட்டும் ஏன் போதாது என்பதற்கு உடற்கூறே விடை பகர்கிறது. பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாய்களும் அடங்கிய கூழ் ஒன்று உண்டு. சொத்தை அதைத் தொட்டு அது இறந்துபட்டபின் அங்கே ரத்தம் ஓடுவதில்லை. ரத்தத்தின் வழியே செல்லும் மருந்து, ரத்தமே புகாத அறையில் குடியிருக்கும் கிருமியை எங்ஙனம் எட்டும்? கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோதும் அது அழுகாமல் ஆறியது என்று 1965-ல் காகெஹாஷி என்ற ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் காட்டினர். ஆகவே பற்குழியிலுள்ள கிருமியை அகற்றுவதே சிகிச்சை. மாத்திரையால் வீக்கம் சற்றே வடிந்தாலும் ஊற்று அடைபடாமல் அப்படியே நிற்கும். ஒரே இடத்தில் அடங்கிய கட்டிக்கு வேர்ச் சிகிச்சையோடு பெனிசிலினையும் கொடுத்துப் பார்த்த 1996-ஆம் ஆண்டுச் சோதனையில் அதனால் கூடுதல் நன்மை காணப்படவில்லை. கூழ் இன்னும் உயிரோடிருந்து தெறிக்கும் வலிக்குப் பெனிசிலின் உதவுமா என்று 40 பேரிடம் சோதித்த 2000-ஆம் ஆண்டு ஆய்விலும் வலி தணியவில்லை.

இவ்வளவும் திரண்டு 2019-ல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் நெறிமுறையாக வடிவெடுத்தன. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றாத வயது வந்தோருக்கு, உடனே பல்லைத் திறக்கவோ எடுக்கவோ வசதி இருக்குமானால், பல்வலிக்கும் அடங்கிய கட்டிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. காய்ச்சலோ உடற்சோர்வோ கண்டு நோய் உடலெங்கும் பரவும் குறி தெரிந்தால் வேண்டும். அப்போது அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம் நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை. அதுவும் பல் சிகிச்சைக்குப் பதிலாக அன்று, அதனோடு கூடவே. சீழ்க்கட்டி உள்ளவருக்குப் பல் வைத்தியர் உடனே கிட்டாத இடத்தில் மருந்தைத் தொடங்கலாம் என்ற சலுகையும் அதில் உண்டு. நம் போன்ற நாட்டில் இதுவே விதியாகிவிடும் அபாயத்தை மறப்பதற்கில்லை. வலிக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் பெரும்பாலோர்க்குப் போதும். அவற்றிலும் வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளவேண்டும்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் குறித்து 2012-ல் சென்னையில் கூடிய வைத்தியர்கள் ஒரு பிரகடனமே வெளியிட்டார்கள். ஆனாலும் சீட்டில்லாமல் கடையில் நான்கு மாத்திரை வாங்கி, வலி தணிந்ததும் நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடையே ஒழிந்தபாடில்லை. கன்னம் வீங்கியவர் முதலில் தேடவேண்டியது மருந்துக்கடையை அன்று, பல் வைத்தியரை. காய்ச்சலோ, கட்டுக்கடங்காத நீரிழிவோ உடையவர் அன்றைக்கே அவரிடம் செல்க. வாய் திறக்க முடியாமலோ, எச்சில் விழுங்க முடியாமலோ, நாவின் அடி மேலெழும்பி மூச்சு முட்டினாலோ, பொழுது விடியட்டும் என்று இராமல் அந்த இரவிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.