பாட்டின் வாலைப் பிடித்து



அந்தாதி என்றதும் காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி நம் நினைவுக்கு வரும். ஈழத்தவராயின் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளையந்தாதியையும் சேர்த்துச் சொல்வோம். ஒரு செய்யுளின் அந்தம் அடுத்த செய்யுளுக்கு ஆதியாவதே அந்தாதி. இதனோடு கொடுக்கல் வாங்கல் எதுவுமின்றி, இதே ஆசை ஜப்பானிய மொழியிலும் முளைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இலக்கியப் பயிற்சியாக இருந்த அது, இன்று சிறுவர் விளையாட்டாகவும், கரோக்கே அறைகளில் பாடல்களின் தலைப்புகளைக் கோக்கும் விளையாட்டாகவும் வாழ்கிறது. அந்தப் பயணத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விளையாட்டின் பெயர் 'ஷிரிதொரி'. பின்புறத்தைப் பிடித்தல் என்பது பொருள். வாலைப் பிடித்தல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் ஒரு பெயர்ச்சொல்லைச் சொல்வார். அதன் கடைசி எழுத்தில் தொடங்கும் வேறொரு பெயர்ச்சொல்லை அடுத்தவர் சொல்லவேண்டும். சொன்ன சொல் மீண்டும் வரலாகாது. ஜப்பானியரின் கனா எழுத்துகள் பெரும்பாலும் நம் உயிர், உயிர்மெய் போன்றவை. தனி மெய்யாக நிற்பது 'ன்' ஒன்றுதான். மெய் தனித்து மொழிக்கு முதலாகாது என்று நம் இலக்கணகாரர் சொன்னார்கள் அல்லவா? ஜப்பானியத்திலும் அப்படியே, 'ன்' என்று தொடங்கும் சொல் கிடையாது. ஆகவே 'ன்' என முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றுப்போகிறார். அவரோடு சங்கிலி அறுந்துவிடுகிறது.

இவ்விளையாட்டின் மூதாதையைத் தேடிப்போனால் இடைக்காலத்து 'மொஜிகுசாரி'யில் போய் நிற்போம். எழுத்துச் சங்கிலி என்பது அதன் நேர்ப்பொருள். ஓர் அடியின் இறுதி எழுத்து அடுத்த அடியின் முதலெழுத்தாக வரும்படி யாக்கும் முறை அது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்ற அரசவைப் பெண்மணி எழுதிய 'கெஞ்சியின் கதை'யை நீங்கள் அறிவீர்கள். 54 அத்தியாயங்கள் கொண்ட அப்பெருநூலின் அத்தியாயப் பெயர்களை, நூலில் உள்ள வரிசை மாறாமல், எழுத்துச் சங்கிலியாகத் தொடுத்த பாட்டு ஒன்று உண்டு. பிற்காலத்தில் பெண்களின் கல்விக்கான நூல்களிலும் அது இடம்பெற்றது. தலைப்புகளைச் சங்கிலியாகக் கோப்பது இன்றைய கரோக்கே இளைஞர் கண்டுபிடித்த விநோதம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு பெயரை மறந்தால் அடுத்த எழுத்து கிடைக்காது. சங்கிலியே அங்கு நினைவின் காவலாளி.

இதற்குப் பக்கத்திலேயே 'ரெங்கா' என்ற தொடர்ப்பாட்டு மரபும் செழித்தது. பலர் ஒன்றாக அமர்ந்து, மாறி மாறி ஒவ்வொரு துண்டாகப் பாடிச் செல்வது ரெங்கா. அங்கே தொடுப்பது எழுத்தல்ல, பொருள். தமக்கு முன் ஒருவர் பாடியதை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து புதிய திசைக்குத் திரும்பவேண்டும். சொன்ன கருத்துக்கே திரும்பத் திரும்ப வருவதை விதிகள் தடுத்தன. 1488இல் சோகி, ஷோஹாகு, சோச்சோ என்ற மூன்று கவிஞர்கள் சேர்ந்து பாடிய 'மினாசே' நூறு, இம்மரபின் உச்சமாகப் போற்றப்படுகிறது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோத்தோ நகரம் எரிந்து பாழானது. அந்தச் சாம்பல் ஆறி அதிக காலம் ஆகாத வேளையில், மூவர் கூடியிருந்து ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டுத் தொடர்ந்தார்கள் என்பதை நான் சாதாரண செய்தியாகக் கொள்ளவில்லை. தொடர்ப்பாட்டில் முதல் தகுதி நாவன்மையன்று, செவிதான்.

இனி கரோக்கேயின் கதைக்கு வருவோம். 'காரா' என்றால் வெறுமை. 'ஒகே' என்பது ஓக்கெஸ்ட்ரா என்பதன் குறுக்கம். பாடகர் இல்லாத வெற்று வாத்தியம் என்று கொள்ளலாம். 1967இல் தோக்கியோவில் நெகிஷி ஷிகெய்ச்சி இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். 1971இல் கோபே நகரத்து இசைக்கலைஞர் இனோவுவே தைசுகே தனியே இன்னொன்றை அமைத்து மதுச்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டார். வாடிக்கையாளர் பாட, பக்கத்தில் இருந்து வாசிப்பது அவர் தொழில். வெளியூர்ப் பயணத்துக்கு வரும்படி ஒருவர் அழைத்தபோது போக இயலாமல், வாத்தியத்தை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார். அதிலிருந்தே யோசனை பிறந்தது என்பார்கள். அவர் காப்புரிமை பெறவில்லை. 2004இல் அவருக்கு இக் நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது. மனிதர் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புதுவழி காட்டினார் என்பது பரிசுக்குச் சொன்ன காரணம்!

அந்தப் பகிடிக்குள் ஓர் உண்மை இருக்கிறது. கரோக்கேயில் ஒருவர் பாடும்போது மற்றவர் சகிக்கிறார். கேட்கிறாரா என்பது சந்தேகம். 1985இல் ஒக்கயாமாவில் சரக்குக் கொள்கலன் ஒன்றை அறையாக மாற்றி, கரோக்கேப் பெட்டி என்ற தனியறை முறை தொடங்கியது. பாட்டு மதுச்சாலையின் பொதுவெளியை விட்டு, நண்பர்கள் மட்டும் இருக்கும் சிற்றறைக்குள் நுழைந்தது. 1992இல் தொலைபேசிக் கம்பிவழிப் பாடல்களை அனுப்பும் முறை வந்ததும் பாடல்களின் எண்ணிக்கை பெருகியது. தொலைபேசி விபரக்கொத்துப் போல் தடித்த பாடற்புத்தகங்கள் மேசைக்கு வந்தன. ஒருவர் உருகிப் பாடிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் தத்தம் பாட்டைத் தேடிப் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அந்தப் புத்தகங்களிலேயே மருந்தும் இருந்தது. அவற்றில் தலைப்புகள் எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. முந்திய பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தின் பக்கத்தைத் திறந்தால் ஷிரிதொரி தயார். தலைப்பை விட்டுப் பாட்டின் கடைசி எழுத்தைப் பிடிப்பவர்களும் உண்டு. ஒருவர் நிறுத்திய எழுத்தில் மற்றவர் பாடும் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்தக் கேட்டவர்களுக்கு இதன் சுவையை நான் விளக்கவேண்டியதில்லை.

ஒரு சங்கிலியைக் கோத்துப் பார்ப்போம். 'கோஜோ நோ ட்சுகி', அதாவது பாழ்பட்ட கோட்டையின் நிலா. தாகி ரெந்தாரோ இசையமைத்து 1901இல் வெளிவந்தது. அது 'கி'யில் முடிய, 'கிதகுனி நோ ஹரு', வடநாட்டு வசந்தம், 1977. அது 'ரு'வில் முடிகிறது. இங்கேதான் தொல்லை. பழந்தமிழில் ரகரம் மொழிக்கு முதலாகாது. அதனால் இராமன் என்று இகரம் சேர்த்தோம். ஜப்பானியரின் சொந்தச் சொற்களும் ரகரத்தில் தொடங்குவதில்லை. எதிரியை மடக்க விரும்புவோர் 'ரு'வில் முடியும் தலைப்பைத்தான் தேடுவார்கள். காப்பாற்றுவது அந்நியச் சொல். 'ரூபி' என்ற மேல்நாட்டுச் சொல்லோடு தொடங்கும் 'ரூபி நோ யுபிவா', மாணிக்க மோதிரம், 1981. அதன் 'வா'வைப் பிடித்து 'வதாஷி நோ ஜோகமாச்சி', என் கோட்டைநகர், 1971. கோட்டையில் புறப்பட்டவர்கள் 70 ஆண்டுகளைத் தாண்டி மறுபடி ஒரு கோட்டையடிக்கே வந்துவிட்டார்கள். தாத்தாவின் பாட்டும் பேரனின் பாட்டும் ஒரே கயிற்றில் ஏற, எழுத்து ஒன்றே போதுமாயிற்று.

சச்சரவும் உண்டு. 1979இல் வெளிவந்த 'இதோஷி நோ எரீ' நெடிலில் முடிகிறது. அடுத்தவர் 'ரி'யைப் பிடிப்பதா, 'இ'யைப் பிடிப்பதா? முன்கூட்டிப் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். 1975 இறுதியில் வெளிவந்து 45 இலட்சத்துக்கு மேல் விற்று, ஜப்பானின் தனிப்பாடல் இசைத்தட்டுச் சாதனையாக நிற்பது 'ஒயொகே! தையாகிகுன்' என்ற சிறுவர் பாட்டு. அது 'ன்'னில் முடிகிறது! நாடே பாடிய பாட்டுக்கு இந்த அவையில் இடமில்லை. பெரும் விற்பனையை எழுத்து மதிப்பதில்லை.

மாறாக, 1961இல் சகமோட்டோ கியூ பாடிய 'உஎ ஓ முயித்தே அருகோ' கனாவில் 'உ'வில் தொடங்கி 'உ'விலேயே முடிகிறது. நம் அந்தாதிகள் மண்டலித்து முடிவது போல அது தன் வாலைத் தானே பிடித்துக்கொள்கிறது. 'சுக்கியாக்கி' என்ற பொருந்தாப் பெயரோடு 1963இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றதும் அதுவே. கரோக்கே அறைகள் பிறந்த அதே 1985இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். அவர் பாட்டு இன்று பிறர் குரல்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் பாட்டைத் தேர்வோருக்கு இரண்டு வழிகள் உண்டு. அடுத்தவரைத் திணறவைக்கும் எழுத்தைக் கொடுக்கலாம். அவர் நன்றாகப் பாடக்கூடிய எழுத்தையும் கொடுக்கலாம். முன்னவர் விளையாட்டில் வெல்வார். பின்னவரோ மினாசேயில் கூடிய மூவருக்கும் உறவினர் என்பேன். எவ்வழி ஆயினும், முன்னவர் பாடியது என்ன பாட்டு என்று கேளாமல் அடுத்தவர் வாய்திறக்க முடியாது. தத்தம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களைத் தலைநிமிர்த்தி, பக்கத்தில் இருப்பவரின் பாட்டைக் கேட்கவைத்தது அந்தப் பழைய எழுத்துச் சங்கிலி. அதன் பெருமையாக நான் கருதுவது இதனையே.