ஒலிநாடாவின் கதை



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் பள்ளி அறிவியல் கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு பெரிய ஸ்பூல்களோடு கூடிய பழைய டேப் ரிக்கார்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதனோடு ஒரு நாடாவும் இருந்தது. காலஞ்சென்ற தமிழாசிரியர் ஒருவர் இலக்கிய மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவு அதில் பதிவாகியிருந்தது. அதைக் கேட்கும் ஆவலில் கருவியை முடுக்கினேன். கேட்பதற்குரிய பொத்தானோடு பதிவதற்குரிய பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டேன். ஒலி வரவில்லையே என்று நான் திகைத்து நின்ற சில நிமிடங்களுக்குள், அப்பெரியவர் பேச்சின் தொடக்கம் முழுவதும் அழிந்துபோயிற்று. மீட்க வழியில்லை. இவ்வளவு எளிதில் அழியக்கூடிய ஒன்று எவ்வாறு ஒரு குரலைக் காத்து வைக்கிறது என்று அறிய விரும்பியே இதன் வரலாற்றைப் படிக்கலானேன். அதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

1877-ஆம் ஆண்டில் எடிசன் தகரத் தாளின்மீது ஊசியால் கீறி ஒலியைப் பதித்தார். கீறல் முறைக்கு ஒரு குறை உண்டு. கேட்குந்தோறும் ஊசி தேய்க்கும். தேயத் தேய ஒலி கெடும். கீறாமலே ஒலியைப் பதிய முடியாதா? முடியும் என்று 1888-ல் அமெரிக்கப் பொறியாளர் ஓபர்லின் ஸ்மித் கட்டுரை எழுதினார். ஒலியை மின்னோட்டமாக்கி, அம்மின்னோட்டத்தால் எஃகுத் துகளில் காந்தத்தை ஏற்றலாம் என்பது அவர் கருத்து. அக்கருத்தை முதன்முதலில் கருவியாக்கிக் காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டெமார் பௌல்சன். ஆண்டு 1898. அவர் பயன்படுத்தியது எஃகுக் கம்பி. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப் அக்கருவியின்முன் பேசினார். அக்குரல் இன்றும் அழியாமல் இருக்கிறது. ஆயினும், ஒலியைப் பெருக்கும் சாதனம் அந்நாளில் இல்லாமையால், தொலைபேசிக் குழாயைக் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. கருவி பரவவில்லை.

அடுத்த படியை ஏறியவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பிரிட்ஸ் பிளோய்மர். சிகரெட்டுத் தாளில் உலோகப் பூச்சு ஏற்றும் தொழிலில் அவர் தேர்ந்தவர். தாளில் வெண்கலம் பூசலாம் என்றால் இரும்புத் தூளையும் பூசலாம் அன்றோ? 1928-ல் அத்தகைய நாடாவிற்குக் காப்புரிமை கோரினார். கம்பி அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். நாடா அறுந்தாலோ ஒட்டிக்கொள்ளலாம். வேண்டாத பகுதியை வெட்டியும் எறியலாம். வானொலிக்கு இஃது எத்துணைப் பெரிய வசதி! ஏஇஜி நிறுவனம் கருவியையும், பிஏஎஸ்எப் நிறுவனத்தார் பிளாஸ்டிக் நாடாவையும் ஆக்கினர். 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னெட்டோபோன்’ அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் சர் தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் இசைக் குழுவின் நிகழ்ச்சி லுட்விக்ஸ்ஹாபன் நகரில் நாடாவில் பதிவாயிற்று. ஆனால் இசையோடு இரைச்சலும் சேர்ந்தே கேட்டது.

அந்த இரைச்சலை நீக்கியது ஒரு தற்செயல் நிகழ்ச்சி. 1940-ல் ஜெர்மன் வானொலிப் பொறியாளர் வால்ட்டர் வேபர் சோதனை செய்துகொண்டிருக்கையில், பழுதுற்ற ஒலிபெருக்கிச் சுற்று ஒன்று, காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைத் தானே உண்டாக்கிற்று. அப்போது பதிவான ஒலி வியப்பூட்டும் அளவு தெளிவாக இருந்தது. காரணம் என்ன? நாடாவிலுள்ள இரும்புத் துகள்கள் முதல் மணி நேரத்தில் தூங்கி வழியும் மாணவரைப் போன்றவை. மெல்லிய குரலுக்கு அவை அசையா. உயர் அதிர்வு மின்னோட்டம் அவற்றைத் தட்டி எழுப்பி வைக்கிறது. பிறகு மெல்லிய ஒலியும் உள்ளபடியே பதிகிறது. பழுதைச் சரிசெய்துவிட்டு அப்பால் போகாமல், ‘ஏன்?’ என்று வேபர் கேட்டதே அவரது பெருமை.

அந்நாளில் அந்த அரிய கருவி ஹிட்லர் ஆட்சியின் வானொலிக்கே தொண்டு செய்தது. நல்லிசையைப் பரப்பிய அதே நாடா பொய்ப் பிரசாரத்தையும் பரப்பிற்று. கருவிக்கு மனச்சாட்சி இல்லை. அது இயக்குபவரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

போரின்போது இங்கிலாந்தில் இருந்த ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் படைப் பொறியாளர், நள்ளிரவில் ஜெர்மன் வானொலியில் இசைத்தட்டின் கரகரப்பு இல்லாத இசையைக் கேட்டு வியந்தார். இந்நேரத்தில் ஒரு பெரிய இசைக் குழு விழித்திருந்து வாசிக்குமா? விடை 1945-ல் பாட் நௌஹைம் வானொலி நிலையத்தில் கிடைத்தது. இரண்டு கருவிகளையும் ஐம்பது நாடாச் சுருள்களையும் அவர் தம் நாட்டிற்கு அனுப்பினார். 1947-ல் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி அவற்றில் பதிவாகி ஒலிபரப்பாயிற்று. 1948-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலேயே கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கியது. 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிறு காசெட் நாடாவை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பின்னர்க் கணினி வந்தது. நாடா பரணுக்குப் போயிற்று.

நான் ஓய்வு பெற்றபின், பள்ளியின் இசைவுடன் அப்பழைய கருவியை வீட்டிற்கு எடுத்து வந்தேன். ரப்பர் பெல்ட் இறுகி வெடித்திருந்தது, மாற்றினேன். பட்டறைக்காரர்கள் ‘ஹெட்’ என்று சொல்லும் காந்தத் தலைகளில் பழுப்புத் தூள் அப்பியிருந்தது. பஞ்சை ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தேன். தலைகளில் தங்கிவிட்ட காந்தத்தையும் நீக்க வேண்டும்; இன்றேல் அது நாடாவின் நுண்ணொலியைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் என் பழைய பிழையின் காரணமும் கண்கூடாயிற்று. நாடா முதலில் அழிக்கும் தலையைக் கடந்தே பதியும் தலைக்கு வருகிறது. அக்கருவியில் புதியதைப் பதிய வேண்டுமானால் பழையது முன்னதாகவே அழிந்தாக வேண்டும்.

எஞ்சிய நாடாவை ஓடவிட்டேன். அப்பெரியவர் பேசுகிறார், நடுவே பள்ளி மணி அடிக்கிறது, மணி ஓயும் வரை பொறுத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார். அதைக் கணினியில் படியெடுத்துப் பள்ளிக்குக் கொடுத்தேன். அந்த மணி இன்றும் அங்கே தொங்குகிறது. அதன் ஒலியை நாடாவில் கேட்டதும் மாணவர்கள் அடையாளம் கண்டு சிரித்தார்கள். தொடக்கம் மட்டும் இல்லை.

நாடாக்கள் காத்திருக்க மாட்டா. பழைய அசிட்டேட் நாடா சிதையும்போது புளித்த காடியின் நெடி வீசும். பிற்கால நாடாக்கள் சிலவற்றில் துகளைப் பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். இயக்கும் கருவிகளும் அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் அருகி வருகின்றன. இதைக் குறித்து 2019-ல் யுனெஸ்கோவின் திட்டமொன்று உலக நாடுகளை எச்சரித்தது.

ஆதலால் மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ஒரு காசெட் கிடக்கலாம். அதில் நீங்கள் கண்டிராத பாட்டியின் தாலாட்டு இருக்கலாம். அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். காசெட்டின் முதுகுப்புறத்து ஓரங்களில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் இதழ்களை முதலில் உடைத்துவிடுங்கள். பிறகு யார் தவறி அழுத்தினாலும் பதிவுப் பொத்தான் இறங்காது. கருவியின் தலையைத் துடையுங்கள். ஒருமுறை ஓடவிட்டு உடனே படியெடுங்கள். யாருடைய குரல், எந்த ஆண்டு என்று தெரிந்த பெரியவரிடம் கேட்டு அட்டையில் எழுதி வையுங்கள். இவற்றுக்கு ஒரு பிற்பகல் போதும். எனக்கு அன்று அந்தப் பொறுமை இருந்திருக்கவில்லை, உங்களுக்கு இருக்கட்டும்.