நேரும் நிரையும் நாணயத்தின் இருபுறமும்
(கூறுவெளி என்னும் கருத்து வளர்ந்த வரலாறு)

கவிஞர் கூடிய அவையில் கணக்கைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும், அசையும் சீரும் எண்ணிப் பழகிய நம் வட்டத்தார்க்குப் புறம்பானதொரு செய்தியன்று ஈண்டு யான் சொல்லப் புகுவது. பள்ளி மாணவர்க்கு நிகழ்தகவு கற்பிக்கப் புகும் ஆசிரியர் முதலிற் சொல்லும் சொல் 'கூறுவெளி' என்பது. ஒரு சமவாய்ப்புச் சோதனையில் நிகழக்கூடிய விளைவுகள் அனைத்தும் அடங்கிய தொகுதியே கூறுவெளி. இலங்கைப் பாடநூல்கள் இதனை 'மாதிரி வெளி' என வழங்கும். நாணயம் ஒன்றை இருமுறை சுண்டினால் விளைவுகள் நான்கு: தலை தலை, பூ தலை, பூ பூ, தலை பூ.

தலையை நேர் என்றும் பூவை நிரை என்றும் கொள்வோம். அந்நான்கும் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நம்முன் வந்து நிற்கும். மும்முறை சுண்டினால் எட்டு. அவை காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்கும். நான்குமுறை சுண்டினால் பதினாறு. அவை தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என முடியும் நாலசைச்சீர்கள். தேமா, புளிமா சொல்லத் தடுமாறாத மாணவி, கூறுவெளி என்றதும் 'கணக்கு எனக்கு வராது' என்று ஒதுங்கும் காட்சியைத் தமிழ் வகுப்பில் பன்முறை கண்டதுண்டு. அவள் அஞ்சும் பொருள் அவள் நாவிலேயே இருக்கிறது.

எளிதாகத் தோன்றும் இப்பட்டியலை ஐரோப்பிய அறிஞர் எய்திய வரலாறோ எளிதன்று.

வரிசையின் பெறுமதி

16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான கார்தானோ, சூதாட்டம் பற்றி ஒரு நூல் எழுதினார். இரண்டு பகடைகளை உருட்டினால் முப்பத்தாறு விளைவுகள் உண்டு என்று அவர் அதில் கணக்கிட்டார். அவர் 1576இல் மறைந்தார். நூலோ 1663இல்தான் அச்சேறியது.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோவிடம் ஒரு வினா வந்தது. மூன்று பகடைகளை உருட்டி 9 பெறுதற்கும் 10 பெறுதற்கும் ஆறாறு வழிகளே உள்ளன. அவ்வாறிருக்க, நெடுநாள் ஆடியவர்கள் 9ஐ விட 10 மிகுதியாக விழுகிறது என்கின்றனரே, ஏன்? கலிலியோ வரிசையையும் கணக்கிற் கொண்டார். 1, 2, 6 என்னும் மூன்றெண்கள் ஆறு வரிசைகளில் விழும்; 1, 4, 4 என்பன மூன்று வரிசைகளில் விழும்; 3, 3, 3 என்பதோ ஒரே வகையில் விழும். அங்ஙனம் எண்ணினால் மொத்த விளைவுகள் 216. அவற்றுள் 9க்கு உரியவை 25. 10க்கு உரியவை 27. ஆடுவோர் பட்டறிந்த சிறு வேறுபாடு எண்ணிக்கையில் வெளிப்பட்டது.

நம் வீட்டுத் தாயக்கட்டையிலும் இதனைக் காணலாம். 0, 1, 2, 3 எனப் புள்ளியிட்ட, நாற்புறமும் ஒத்த கட்டைகள் இரண்டை உருட்டினால் விளைவுகள் பதினாறு. ஒன்றில் 1, மற்றதில் 0 விழுந்தால் தாயம். அஃது இருவகையில் நிகழும். எந்தக் கட்டையில் 1 விழுந்தது என்பதே வேறுபாடு. ஆகவே தாயத்தின் நிகழ்தகவு 16இல் 2. இரண்டும் வெறுமையாய் விழும் பன்னிரண்டுக்கோ 16இல் 1. வரிசையை விட்டு எண்ணினால் விளைவுகள் பத்தாகச் சுருங்கும். தாயமும் பன்னிரண்டும் சம வாய்ப்புடையன போலத் தோன்றும். காய் இறக்கத் தாயத்துக்குக் காத்திருந்த எவரும் அதனை ஏற்கமாட்டார்.

யாப்பறிந்தார்க்கு இப்பிழை நேர்வதில்லை. புளிமாவிலும் கூவிளத்திலும் உள்ள அசைகள் அவையே. ஒரு நேர், ஒரு நிரை. எனினும் இரண்டும் ஒன்றெனச் சொல்லும் புலவர் எவரும் இலர். வரிசை மாறின் ஓசை மாறும். ஓசை மாறின் சீரே மாறும்.

முடிந்த ஆட்டமும் முடியாத எண்ணிக்கையும்

1654ஆம் ஆண்டு பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களையே நிகழ்தகவியலின் பிறப்பிடமாகக் கொள்வர். அவர்கள் ஆராய்ந்த சிக்கல் இது: இருவர் சமப் பந்தயம் வைத்து ஆடுகின்றனர். முதலாமவர் வெல்ல இன்னும் இரண்டு ஆட்டம் வேண்டும். மற்றவர்க்கு மூன்று வேண்டும். அந்நிலையில் ஆட்டம் நின்றுபோனால் பந்தயப் பொருளை எவ்வாறு பகிர்வது?

எஞ்சிய ஆட்டங்கள் நான்கை மிகா. நான்கையும் ஆடுவதாகக் கொண்டால் விளைவுகள் பதினாறு. முதலாமவர் வெற்றியை நேர் என்றும் மற்றவர் வெற்றியை நிரை என்றும் வைத்து நாலசைச்சீர்களை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு நேரேனும் உள்ள சீரெல்லாம் முதலாமவர்க்கு உரியன. தேமாவில் தொடங்கும் நான்கும் அவர்க்கே. புளிமாவில் தொடங்குவனவற்றுள் நறுநிழல் ஒழிந்த மூன்று. கூவிளத்தில் தொடங்குவனவற்றுள்ளும் அவ்வாறே மூன்று. கருவிளத்தில் தொடங்குவனவற்றுள் தண்பூ ஒன்று. ஆகப் பதினொன்று. எஞ்சிய ஐந்தும் மற்றவர்க்கு. பந்தயப் பொருளை 11க்கு 5 என்று பகிர்தலே முறை. பாஸ்கலின் கடிதத்திலும் இவ்விடையே காணப்படுகிறது.

அக்காலத்துக் கணித அறிஞர் ரொபெர்வால் ஒரு தடை எழுப்பினார். முதலாமவர் முதலிரண்டு ஆட்டங்களையும் வென்றால் ஆட்டம் முடிந்துவிடுமே. ஆடப்படாத ஆட்டங்களை எண்ணுவது எங்ஙனம் தகும் என்பது அத்தடை. நான்கையும் ஆடினும் முடிவு மாறாது. ஆகவே அவ்வாறு கொண்டு எண்ணுவதில் இழுக்கில்லை என்பதே பாஸ்கலின் விடை.

அத்தடை அங்கே ஓயவில்லை. சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1754இல், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் தலாம்பேர் என்னும் பேரறிஞர் நாணயம் சுண்டுதல் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். இருமுறை சுண்டுவதில் ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு யாது? நான்கில் மூன்று என்பது வழக்கமான விடை. தலாம்பேர் இதனை மறுத்தார். முதலிலேயே தலை விழுந்தால் மறுமுறை சுண்ட வேண்டியதில்லை. ஆதலின் தலை; பூ, தலை; பூ, பூ என நிலைகள் மூன்றே; வாய்ப்பு மூன்றில் இரண்டே என்றார்.

அவர் பட்டியலை நம் வாய்பாட்டில் எழுதினால் நாள், புளிமா, கருவிளம் என்றாகும். ஓரசைச்சீர் ஒன்றும் ஈரசைச்சீர் இரண்டும் ஒரே நிரலில் சமமாக வைக்கப்பட்டுள்ளன. தேமாவும் கூவிளமும் 'நாள்' என்னும் ஒன்றனுள் மறைந்துபோயின. நிலைகள் மூன்று என்பதில் பிழையில்லை. மூன்றும் ஒத்த எடையுடையன என்று கொண்டதே பிழை. முதலாவதன் எடை ஏனைய ஒவ்வொன்றைப் போல் இருமடங்கு.

நாம் கேளாத வினா

இதுகாறும் சொன்னவற்றைக் கொண்டு, நிகழ்தகவியலைத் தமிழரே முதலிற் கண்டனர் என்று முழங்க ஒருவர்க்கு ஆசை தோன்றலாம். அவ்வாசைக்கு இடங்கொடுத்தல் தகாது. தொல்காப்பியம் நேர், நிரை, நேர்பு, நிரைபு என அசை நான்கு கொண்டு ஈரசைச்சீர் 16, மூவசைச்சீர் 64 என விரித்தது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை நேர், நிரை இரண்டனைக் கொண்டு 4, 8, 16 எனப் பெருக்கியது. வடமொழியில் பிங்கலரின் சந்த நூலும் குரு, இலகு இரண்டனை அடுக்கி விரிக்கும் முறையைச் சொல்லிற்று. இவையெல்லாம் விளைவுகளை விடுபாடின்றி அடுக்கிய அருஞ்செயல்கள். ஆனால் 'இவற்றுள் எது எத்துணை முறை வரும்?' என்னும் வினாவை யாப்பு நூலார் எழுப்பவில்லை. கூறுவெளியின் வடிவம் நம்மிடம் இருந்தது. நிகழ்தகவு என்னும் வினா இருந்ததில்லை. இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லுதலே முன்னோர்க்கு நாம் செய்யும் உண்மையான மதிப்பாகும்.

அவ்வினாவுக்கு வெறும் பட்டியல் விடையாகாது என்பதும் உணரத்தக்கது. சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுப்பதே நிகழ்தகவு என்று லாப்லாஸ் வகுத்த இலக்கணம், விளைவுகள் அனைத்தும் ஒத்த வாய்ப்புடையனவாயின் மட்டுமே செல்லும். நாணயத்தில் அது பொருந்தும், செய்யுளில் பொருந்தாது. வெண்பாவில் மாமுன் நிரையும் விளமுன் நேரும் வரவேண்டும். ஆகவே அடுத்தடுத்த இரண்டு ஈரசைச்சீர்களுக்குரிய 16 இணைகளுள் எட்டே அதில் நிற்கும். முன் வந்த சீர் பின் வரும் சீரின் கூறுவெளியைச் சுருக்கிவிடுகிறது. நாணயத்துக்கோ முன்பு விழுந்தது நினைவில் இல்லை.

முன்னது பின்னதைத் தாக்கும் இந்நிலையைக் கணிதமாக்கியவர் உருசிய அறிஞர் மார்க்கோவ். அவர் 1913இல் அதற்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கவிதை. புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுட் புதினத்தில் 20,000 எழுத்துகளை எடுத்து அவர் எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிர் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 43. ஆனால் ஓர் உயிரையடுத்து மற்றோர் உயிர் வருவது நூற்றுக்கு 13 அளவே. மெய்யையடுத்து உயிர் வருவது 66. மார்க்கோவ் சங்கிலி என்று இன்று வழங்கும் கருத்து இவ்வாறு ஒரு கவிதையின் எழுத்துகளிற் சோதிக்கப்பட்டது. பின்னர் 1933இல் கொல்மகோரொவ், விளைவுகளின் தொகுதியை முதலில் நிறுத்தி, அதன் பகுதிகளுக்கு எடை வழங்கும் முறையில் நிகழ்தகவு முழுமைக்கும் அடிப்படை விதிகள் வகுத்தார். மாணவர் பாடநூலில் கூறுவெளி முதலிடம் பெறுவதன் காரணம் இதுவே.

கவிதையை எண்ணினால் கவிதை குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. புஷ்கினின் கவிதை குறைந்துவிடவில்லை. நம் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தாம் எழுதிய வெண்பாக்களுள் பத்தினைக் கொணர்ந்து, நேர் எத்தனை, நிரை எத்தனை, எதன்பின் எது வந்தது என எண்ணிப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு பள்ளி மாணவியை அமர்த்திக்கொள்வது நலம். அலகிடுதலை நாம் அவளுக்குச் சொல்லித் தருவோம்; வகுத்தலை அவள் நமக்குச் சொல்லித் தருவாள்.