வெளிச்சுவரோடு நின்ற கேமரா: அமெரிக்கப் பண்ணைக்கொட்டகைப் படங்களின் வரலாறு

அமெரிக்காவின் பழைய பண்ணைக்கொட்டகைகளை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் படம் பிடித்துவருகிறார்கள். நவீனக் கலைஞர்கள், நிவாரணத் திட்டங்களுக்கு ஆதரவு தேடிய அரசு அலுவலர்கள், வேலையிழந்த கட்டடக் கலைஞர்கள், சுற்றுலாத் துறையினர் என்று அவரவர் தம் தேவைக்கு இக்கொட்டகைகளைப் பயன்படுத்திக்கொண்டனர். இவ்வரலாற்றில் ஒரு குறை தொடர்ந்து வருகிறது. புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவை வெளிச்சுவரோடு நின்றுவிட்டன. தச்சரின் திறமை உள்ளே இருந்தது. அதைக் காப்பாற்றியவை, கலை என்று எவரும் பாராட்டாத அளவைப் படங்களும் பதிவுப் படங்களும்தாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சில செய்திகள். பென்சில்வேனியாவில் ஜெர்மானிய, சுவிஸ் குடியேறிகள் கட்டிய கொட்டகை ஒரு சரிவை ஒட்டி எழும். மேட்டுப் பக்கத்திலிருந்து பாரவண்டி நேராக மேல்தளத்துக்குள் நுழையும். அங்கே நடுவில் கதிரடிக்கும் தளம், இருபுறமும் காய்ந்த புல் அடுக்கும் பரண்கள். பள்ளத்துப் பக்கம் கீழ்த்தளத்தில் மாட்டுத் தொழுவம். அதற்கு மேல் மேல்தளம் சில அடி வெளியே நீண்டு நிழல் தரும். தொழுவம், களம், வைக்கோற்போர், குதிர் எல்லாவற்றையும் ஒரே கூரைக்கடியில் கொண்டுவந்த அமைப்பு இது. பனிக்காலம் நீண்ட நாட்டில் வேறு வழியும் இல்லை.

இந்தக் கொட்டகைகளைக் கலையின் பொருளாக்கியதில் முதன்மையானவர் சார்லஸ் ஷீலர் (1883-1965). பிலடெல்பியாவில் பிறந்த ஓவியர். ஓவியம் சோறு போடாததால், 1912 அளவில் கட்டடக் கலைஞர்களுக்காக வீடுகளைப் படமெடுத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். நண்பர் மார்டன் ஷாம்பர்க்குடன் சேர்ந்து பக்ஸ் கவுன்ட்டியின் டாய்ல்ஸ்டவுனில், 1768இல் கட்டிய ஒரு பண்ணைவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். அக்கம்பக்கத்துக் கொட்டகைகள் கேமராவுக்குள் வந்தது இப்படித்தான்.

1917 அளவில் அவர் எடுத்த ‘வெள்ளைக் கொட்டகையின் பக்கச்சுவர்’ என்ற படத்தில் வானத்துக்கு இடமே இல்லை எனலாம். வெள்ளையடித்த செங்குத்துப் பலகைகள், ஒட்டினாற்போல் ஒரு காரைச்சுவர், சின்னஞ்சிறு சன்னல், கீழ்விளிம்பில் வேலியின் ஒரு துண்டு, ஒரு கோழி. அவ்வளவுதான். ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் விழும் மெல்லிய நிழற்கோடுதான் படத்தைத் தாங்குகிறது. பாரிஸ் ஓவியர்கள் கனசதுரங்களைக் கொண்டு தேடியதைப் பெயர் தெரியாத ஒரு கிராமத்துத் தச்சர் எப்போதோ முடித்துவைத்திருந்தார் என்று சொல்லாமல் சொல்கிறது இப்படம். ஆனால் இதே ஷீலர் தன் வீட்டுக்குள் இரவில் விளக்கு வைத்துப் படிக்கட்டையும் அடுப்பையும் எடுத்திருக்கிறார். அப்படி உள்ளே போன கேமரா கொட்டகை என்று வந்ததும் பெரும்பாலும் சுவரோடு நின்றுவிட்டது.

இங்கே தொழில்நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. இரும்புக் காவியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசிய சிவப்புக் கொட்டகை, அந்தத் தட்டில் ஏறக்குறையக் கறுப்பாகவே விழும். வெள்ளைச் சுவரோ சாம்பல் நிறத்தின் எல்லாப் படிகளையும் காட்டும். சிவப்பைச் சரியான சாயலில் தரும் பான்குரோமாட்டிக் படச்சுருள் பரவலானது பின்னால்தான். ஆரம்பகாலக் கலைப் படங்களில் வெள்ளைக் கொட்டகைக்குக் கிடைத்த முதலிடத்துக்கு அழகுணர்ச்சியோடு வேதியியலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

1930களின் பெருமந்தம் கேமராவின் நோக்கத்தையே மாற்றியது. 1935இல் தொடங்கிய மறுகுடியேற்ற நிர்வாகம் 1937இல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமாக மாறியது. அதன் படப்பிரிவுக்குத் தலைவர் ராய் ஸ்டிரைக்கர். வாக்கர் எவன்ஸ், டோரதியா லாங், ஆர்தர் ராத்ஸ்டைன், ரஸ்ஸல் லீ, மேரியன் போஸ்ட் வோல்காட் போன்றோர் அவரிடம் பணியாற்றினர். இவர்கள் படங்களில் கொட்டகை ஒரு சாட்சிப்பொருள். 1936 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் சிமரான் கவுன்ட்டியில் ராத்ஸ்டைன் எடுத்த புழுதிப்புயல் படத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஒரு விவசாயியும் இரண்டு சிறுவர்களும் காற்றில் குனிந்து நடக்கிறார்கள். பின்னால் ஒரு சிறு கொட்டகை பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கிறது. மண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்தத் தாழ்ந்த கூரையை வைத்தே பார்ப்பவர் அளந்துகொள்கிறார். நிலம் பாழானது, உதவி தேவை என்று வாதிக்க இதைவிட என்ன வேண்டும்? வாதத்துக்கு உதவாத படங்களை ஸ்டிரைக்கர் என்ன செய்தார் என்பதும் தெரிந்ததே: சில ஆண்டுகள்வரை, வேண்டாத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிட்டார். ஓட்டையோடு அவை இன்றும் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.

அதே மந்தநிலைக் காலத்தில் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் தொடங்கியது. தேசியப் பூங்காச் சேவையில் கட்டடக் கலைஞராக இருந்த சார்லஸ் பீட்டர்சன் 1933 நவம்பரில் ஒரு குறிப்பாணை எழுதினார். வேலையில்லாத கட்டடக் கலைஞர்களையும் வரைவாளர்களையும் கொண்டு, அழிந்துவரும் பழைய கட்டடங்களை அளந்து பதிவு செய்யலாம் என்பது யோசனை. தேவாலயங்கள், வீடுகள், பாலங்கள், கோட்டைகளோடு கொட்டகைகளையும் ஆலைகளையும் பட்டறைகளையும் பண்ணையின் துணைக்கட்டடங்களையும் அவர் பட்டியலில் சேர்த்தார். மாளிகைகளைத்தான் வரலாறு என்று கருதிய காலத்தில் இது சாதாரணக் காரியமல்ல. அமெரிக்க வரலாற்றுக் கட்டட ஆய்வு என்ற அத்திட்டம் 1934இல் பூங்காச் சேவை, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம், காங்கிரஸ் நூலகம் ஆகிய மூன்றின் உடன்பாடாக நிலைபெற்றது.

இத்திட்டத்தின் படங்களில் தனிப்பட்ட பாணி என்று ஒன்றைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெரிய தகட்டுக் கேமரா, செங்குத்துக் கோடுகள் சாயாமல் நேர்செய்த லென்ஸ், நான்கு பக்கமும் பார்வை, பக்கத்தில் ஓர் அளவுகோல். ஆனால் உள்ளேயும் போனார்கள். கொட்டகையின் உள்புறம் புகைப்படக்காரரைப் பாடாய்ப் படுத்தும் இடம். பலகை இடுக்குகளில் வெயில் கத்திபோல் இறங்கும். மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு. வெயிலுக்கு அளந்தால் உத்திரம் தெரியாது, உத்திரத்துக்கு அளந்தால் இடுக்குகள் வெளுத்துப்போகும். கேமராவை முக்காலியில் நிறுத்தி நீண்ட நேரம் ஒளி ஏற்ற வேண்டும், அல்லது விளக்கு கொண்டுபோக வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. ஒரு மரத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்த மூட்டுகள் தெரிகின்றன. எந்த உத்திரம் எந்தத் தூணுக்கு என்று தச்சர் உளியால் வெட்டிவைத்த ரோமன் எண்கள்கூடத் தெரிகின்றன. தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, பிரித்து, பிறகு தூக்கி நிறுத்தினார்கள் என்பதற்கு அந்த எண்களே ஆதாரம்.

கலை, பதிவு என்ற இரு வழிகளுக்கும் நடுவில் நின்றவர் ரைட் மாரிஸ். நெப்ராஸ்காவில் பிறந்த நாவலாசிரியர். 1946இல் ‘தி இன்ஹாபிட்டன்ட்ஸ்’, 1948இல் ‘தி ஹோம் பிளேஸ்’ என்று படமும் உரைநடையும் கலந்த நூல்களை வெளியிட்டார். அவர் படங்களில் மனிதர்கள் அரிது. அவர்கள் புழங்கிய பொருள்களும் கட்டடங்களும் மட்டும். ஆனால் கதைசொல்லிக்கு வேண்டியது மனநிலை. கட்டுமான ஆய்வாளருக்கு வேண்டியது மூட்டு.

போருக்குப் பின் வண்ணம் வந்தது. 1946இல் வெர்மான்ட் மாநில அரசே ‘வெர்மான்ட் லைஃப்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி 2018 வரை நடத்தியது. சிவந்த மேப்பிள் இலை, வெள்ளைத் தேவாலயக் கோபுரம், சிவப்புக் கொட்டகை ஆகியவை அந்த மாநிலத்தின் முகமாயின. சாலையோர விளம்பரப் பலகைகளை 1968இல் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அந்த முகத்தை அது காத்தது. முரண் என்னவென்றால், இதே ஆண்டுகளில்தான் கொட்டகைகளுக்கு வேலை போனது. பால் கேன்களுக்குப் பதில் குளிரூட்டும் பெருந்தொட்டி வாங்க வேண்டிய கட்டாயம் சிறு பண்ணைகளை 1950களில் விரட்டியது. 1970களில் பரவிய பெரிய உருளைப் புற்கட்டுகள் பரணில் ஏறாதவை; வெளியிலேயே கிடந்தன. டிராக்டருக்குப் பழைய கதவு குறுகல். 1940களில் 11,000க்கு மேல் இருந்த வெர்மான்ட்டின் பால்பண்ணைகள் இன்று 600க்கும் கீழே. படத்தின் மவுசு ஏற ஏறப் பொருள் மறைந்தது.

டான் டிலில்லோ 1985இல் எழுதிய ‘வைட் நாய்ஸ்’ நாவலில், அதிகம் படமெடுக்கப்பட்டது என்பதற்காகவே கூட்டம் சேரும் ஒரு கொட்டகை வருகிறது. அது வெறும் கேலியோடு முடியவில்லை. வெர்மான்ட்டின் பாம்ஃப்ரெட் ஊரில், சமூக ஊடகத்தால் புகழ்பெற்ற ஒரு பண்ணைக்குப் போகும் சாலையை 2023 இலையுதிர் காலத்தில் வெளியாருக்கு மூடவேண்டி வந்தது. வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது சாலையிலிருந்து தெரியும் ஒரே ஒரு கோணம்.

உள்புறத்துக்கான திருப்பத்தை ஆய்வாளர்களே கொண்டுவந்தனர். ஜான் ஃபிட்சன் 1968இல் நியூயார்க் பகுதியின் டச்சுக் கொட்டகைகளைப் பற்றி எழுதிய நூல், இரு தூண்களுக்கிடையே குறுக்கே செல்லும் நங்கூர உத்திரத்தை மையமாக வைத்தது. அதன் நாக்கு தூணைத் துளைத்து மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1972இல் எரிக் ஆர்தர், டட்லி விட்னி இருவரும் வெளியிட்ட ‘தி பார்ன்’ அந்த உள்ளழகை வண்ணத்தில் பொதுவாசகருக்குக் காட்டியது. கொட்டகைகளைப் புதிய பயன்பாட்டுக்குத் திருப்பும் ‘பார்ன் அகெய்ன்’ திட்டம் 1987இல் வந்தது. 2007 விவசாயக் கணக்கெடுப்பு முதன்முறையாகப் பழைய கொட்டகைகளைக் கேட்டபோது, 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் 1960க்கு முந்திய கொட்டகை தங்களிடம் இருப்பதாகக் கூறின.

விழுந்த கொட்டகையை ஷீலரின் படத்தை வைத்துத் திரும்பக் கட்ட முடியாது. அளவை வரைபடமும் உள்புறப் படமும் இருந்தால் முடியும். வரலாற்றுக் கட்டட ஆய்வின் பதிவுகள் காங்கிரஸ் நூலகத் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கவும் பயன்படுத்தவும் கிடைக்கின்றன. பழைய பண்ணைக் கட்டடங்களைத் தேடிக் கேமராவோடு போகிறவர்கள் அவற்றில் சிலவற்றையாவது பார்த்துவிட்டுப் போகட்டும். போனபின் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு உள்ளே நுழையட்டும். மூட்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்கட்டும்.