பதினாறரையே அரைக்கால்

ஓர் எண்ணோடு அதன் ஏழில் ஒரு பங்கைக் கூட்டினால் 19 வருகிறது. எண் என்ன? என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே எக்ஸ் போட்டு, இருபுறமும் ஏழால் பெருக்கிப் பின்னத்தை விரட்டிவிடுவார்கள். இந்தக் கணக்குக்கு வயது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேல்.

கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எகிப்திய எழுத்தர் இதைப் பாப்பிரஸ் சுருளில் எழுதினார். பழைய ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 1858இல் ஸ்காட்லாந்துக்காரர் ஹென்றி ரைண்ட் லக்சரில் அந்தச் சுருளை வாங்கினார். இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கணக்கு அதில் 24ஆவது.

ஆமெஸிடம் எக்ஸ் கிடையாது. விடை 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏழும் அதில் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 8, வேண்டியதோ 19. எட்டை எத்தனை மடங்காக்க வேண்டும்? இரட்டித்தால் 16. மீதி 3. எட்டில் கால் 2, அரைக்கால் 1. ஆக, இரண்டே காலே அரைக்கால் மடங்கு. ஏழையும் அதே மடங்காக்கினால் விடை பதினாறரையே அரைக்கால்.

இதை நான் வேண்டுமென்றே நம் எண்சுவடிக் கணக்கில் சொல்கிறேன். எட்டில் ஐந்து என்று ஆமெஸ் எழுத மாட்டார். மூன்றில் இரண்டு நீங்கலாக, அவருடைய பின்னங்களில் மேலே இருப்பது ஒன்றுதான். அதனால் அரை, அதோடு அரைக்கால் என்று அடுக்குகிறார். திண்ணைப் பள்ளியில் படித்த என் தாத்தாவுக்கு அந்த விடையை வாசித்துக் காட்டியிருந்தால், விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டிருப்பார்.

ஏழைத் தேர்ந்ததில்தான் ஆமெஸின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பின்னம் எழாத எண்ணாகப் பார்த்து எடுத்தார். நாம் மீச்சிறு பொது மடங்கு தேடுவதும் அதற்காகத்தானே?

பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியிலும் இந்த வழி உண்டு. அங்கே பெயர் இஷ்டகர்மம். தேனீக்களில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கும், அவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல் மும்மடங்கு வேறொன்றுக்கும் போக, ஒரே ஒரு தேனீ மிஞ்சுகிறது. மொத்தம் 30 என்று வைத்துப் பாருங்கள்: 6, 10, 12 போக மிச்சம் 2. ஒன்றுதான் மிஞ்ச வேண்டும் என்பதால் முப்பதில் பாதி, 15.

எல்லாக் கணக்குக்கும் இது செல்லாது. எண்ணின் பங்குகளோடு தனியாக ஒரு 5 வந்து சேர்ந்தால், வைத்த எண் இரட்டிக்கும்போது வரும் தொகை இரட்டிக்காது. வழி அங்கேயே முறியும். எக்ஸின் தேவை பிள்ளைகளுக்கு அந்த இடத்தில்தான் உறைக்கிறது. ஆகவே சமன்பாட்டுப் பாடத்தை நான் எக்ஸில் தொடங்குவதில்லை, 24ஆம் கணக்கில் தொடங்குகிறேன். “ஏழு வேண்டாம், 14 வைக்கலாமா சார்?” என்று யாராவது கேட்பார்கள். வைக்கச் சொல்வேன். 16 வரும். 14ஐ 19ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் அதே பதினாறரையே அரைக்கால்.